இடது காலால் ஒரு தட்டு

கேட்டின் அடிப்பக்கத்தில் இடது காலால் ஒரு தட்டு தட்டி, இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, வலது தோளால் முட்டித் தூக்கி, என் வீட்டுக்காரர் புவனேஸ்வரன் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினார். "சனியன் புடிச்ச கேட்டு, இன்னிக்கி உனக்கு ஒரு முடிவு கட்டிர்றேன்லா" என்று அதனிடம் சொன்னார். என்னிடம் சொன்னது, "நெத்திலிய ஊற வச்சிரு, வந்து சம்பால் பண்ணிக்கலாம்."

கேட்டுக்குப் புதுக் கீல் வாங்க லுக்குட் டவுனுக்குப் போனார். இரும்புக் கடையில் கீலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதற்குத் தோதான ஆணி இருக்கிறதா என்று கேட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கடைக்காரர் நாற்காலி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நெஞ்சுவலி. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த கேட் பல வருஷமாக அப்படித்தான் இருந்தது. அதை அன்றைக்கே சரிபண்ணியாக வேண்டும் என்று அவருக்கு ரோஷம் வந்ததற்குக் காரணம் சமகால நடனம். அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரம் எங்கள் வரிசை வீடுகள். வரிசையின் முனையில் டேவான். கல்யாணம், காதுகுத்து, தடுப்பூசி, வீட்டில் இடம் பற்றாதவர்களின் சாவு, எல்லாம் அந்த மண்டபத்தில்தான். சென்ற வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஒரு வேன் வந்து நின்றது. நாடளாவிய சமகால அசைவு மேம்பாட்டு மையம் என்ற பெயர்ப்பலகையை இறக்கினார்கள். பலகை வாசலைவிட அகலம். ஆகவே அதைக் கதவின் மேலேயே அறைந்தார்கள். அன்றிலிருந்து டேவானின் ஒரு பக்கக் கதவு திறப்பதில்லை.

இயக்குநரின் பெயர் டாக்டர் ஹேமா. சிரம்பானில் பெரிய வீட்டுப் பெண். வெளிநாட்டில் படித்தவர். சாம்பல் நிறத்தில் தொளதொள உடை போட்ட இளைஞர்களும் பெண்களுமாக ஒரு கூட்டத்தைக் கூட்டி வந்திருந்தார். திறப்பு விழாவில் எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசினார்.

"உங்களுக்கு எதையும் கத்துக்கொடுக்க நாங்க வரல. உங்ககிட்டேர்ந்து கத்துக்கத்தான் வந்திருக்கோம். மண்ணோட, மக்களோட ஒண்ணா கலந்திடணும். அதனால பயிற்சி நேரத்துல தயவுசெஞ்சு யாரும் உள்ள வராதீங்க."

எல்லோரும் கை தட்டினோம். எதிர் வீட்டு மயிலம்மாள் மட்டும் எழுந்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் தூக்கம் வராது.

"இது என்ன ஆட்டம்மா?"

"இம்ப்ரோவைசேஷன், ஆண்ட்டி. அந்த நேரத்துல உடம்புக்கு என்ன தோணுதோ, அதுதான் ஆட்டம்."

"யாரு சொல்லிக் குடுப்பாங்க?"

"அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது."

"அப்ப நீங்க யாரும்மா?"

"நான் டைரக்டர்."

மையத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவன் கிஷன் என்ற பையன். நல்ல பையன்தான். எப்போதும் கழுத்தில் அட்டை தொங்கும். உடம்புக்குத் தோன்றியதை ஆடுகிற ஆட்டத்துக்கு அவன்தான் கால அட்டவணை போட்டான். நான் தடிகாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். வேலை முடிந்து டேவான் வழியாக வரும்போது அவன் பேசுவது சன்னலில் கேட்கும்.

"திடீர் அசைவெல்லாம் புதன்கிழமைக்குள்ள எங்கிட்ட சொல்லிரணும். அப்ரூவல் இல்லாம யாருக்கும் திடீர்னு எதுவும் தோணக்கூடாது, ஓகே?"

ஒரு நாள் ஒரு பெண் நடுவில் தும்மிவிட்டாள். விளக்கம் கேட்டார்கள். தூசி என்றாள். தூசிக்கு முன் அனுமதி இல்லையே என்றான் கிஷன். ஹேமா அந்தத் தும்மலை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்து, அதில் நேர்மை இருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் அதே இடத்தில் தும்ம வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அசல் தும்மல்காரிக்கு மட்டும் தும்மல் வரவில்லை. அவளை ஓரமாக நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் சாப்பிடும்போது இவரிடம் சொல்வேன். இவர் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர். சிரிப்பு வந்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பார். "பாவம் புள்ளைங்க. யாராச்சும் அதுங்களுக்கு ஒரு பாட்டுப் போட்டு விடுங்களேன்லா" என்பார்.

அந்தச் சிரிப்பு ஒரு சாயங்காலம் நின்றது. ஹேமாவின் கார் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றிருந்தது. இவர் வேலை முடிந்து வந்து வழக்கம்போல் கேட்டைத் திறந்தார். தட்டு, வளைவு, தோள். காரிலிருந்து அந்தம்மா ஓடி வந்தார்.

"அண்ணே, இன்னொரு தடவ! ப்ளீஸ்!"

"கேட்டாம்மா? அது கெட்டுப்போயி ரொம்ப வருசமாச்சு."

"கேட் இல்ல. நீங்க. உங்க பாடி. என்ன அருமையான பாடி!"

இவர் கையிலிருந்த சோற்றுக் கேரியரைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவருக்கு இருப்பது உடம்பு. பாடி என்றால் பிணம். 'பாடி எப்ப எடுக்குறாங்க?' 'பாடி வந்திருச்சா?' அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு எங்களிடம் வேலை. மையத்தில் அதை வைத்துத்தான் சாப்பிடுவது, மூச்சு விடுவது எல்லாம். பாடியைக் கேளுங்கள், பாடியை நம்புங்கள், பாடி தானாக எழுந்திரிக்கும் என்பார்கள். டேவானைத் தாண்டும்போது மயிலம்மாள் விபூதி பூசிக்கொள்வாள்.

இவரை 'மூல அசைவாளர்' என்று நியமித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை டேவானுக்கு வந்து அந்த அசைவைக் காட்ட வேண்டும். இவரும் தலை வாரி, தைப்பூசத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். நடுவில் நிறுத்தி, "திறங்க அண்ணே" என்றார்கள்.

இவர் சுற்றும் பார்த்தார். "கேட்டு எங்கம்மா?"

"கேட் இல்லாம."

"கேட்டு இல்லாம கேட்ட எப்புடிம்மா தெறக்கிறது?"

கூட்டம் ஒரு நிமிடம் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து நின்று கை தட்டியது. ஒரு பையன் கண்ணைத் துடைத்தான். இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லோரும் அதைப் பழகினார்கள். டேவானில் சாம்பல் உடை போட்டவர்கள் வரிசையாக நின்று காற்றை எட்டி உதைத்து, இடுப்பை வளைத்து, தோளால் வானத்தை முட்டினார்கள். மாதக் கடைசியில் மதிப்பீடு. மூல அசைவாளரும் கலந்துகொள்ள வேண்டும், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று கிஷன் சொல்லிவிட்டான். இவர் கடைசியாக வந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றான் கிஷன். "உங்க இடது கால் லேட்டா வருது. தோள்ல நம்பிக்கை இல்ல. மொத்தத்துல ஒரிஜினாலிட்டி கொறைவு."

"நான்தானேப்பா ஒரிஜினல்?"

"அதான் சொல்றேன். இன்னும் கொஞ்சம் ட்ரை பண்ணலாம்."

இதில் சிரிக்க என்ன இல்லை? ஆனால் இவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றார். காலை எடுத்தார், யோசித்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். எத்தனையோ வருஷமாக யோசிக்காமல் திறந்த கேட் அன்றைக்குத் திறக்கவே இல்லை. மோட்டாரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, மதில் ஏறிக் குதித்து உள்ளே வந்தார். "ரோகினி, நெசமாவே லேட்டா வருதா?" என்று கேட்டார். "அவங்க கெடக்குறாங்க" என்றேன்.

இதற்கிடையில் ஒரு வாட்ஸ்அப் விவகாரம் நடந்தது. எங்கள் வரிசைக்கு ஒரு குழு உண்டு. தண்ணீர் வெட்டு, பசாரில் மீன் விலை, சாவுச் செய்தி எல்லாம் அதில்தான் வரும். கிஷன் அதில் சேர்ந்து, மக்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலேயே போட்டான்: 'நாளை மாலை ஐந்து மணிக்குப் பாடி டேவானுக்கு வந்து சேரும். அனைவரும் திரளாக வரவும்.'

யார் என்று ஒருவரையொருவர் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, போகாமல் இருக்க முடியுமா? ஐந்து மணிக்கு வரிசையே போயிற்று. மயிலம்மாள் வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த ராசா" என்று தொடங்கிவிட்டாள். யாருக்காக என்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள். உள்ளே போனால் தரை முழுக்கச் சாம்பல் உடையில் மல்லாந்து கிடக்கிறார்கள். ஒருவர்கூட அசையவில்லை.

மயிலம்மாள் அழுகையை நிறுத்தி என் காதில் கேட்டாள். "இதுல நம்ம பாடி எதுடி?"

கொண்டுவந்த மாலையை வீணாக்கக் கூடாது என்று அருகில் கிடந்த பையன் கழுத்தில் போட்டாள். அவன் கண்ணைத் திறந்து, "தேங்க்ஸ் ஆண்ட்டி" என்றான். அவள் போட்ட கூச்சல் லுக்குட் வரைக்கும் கேட்டிருக்கும். ஹேமா கண் கலங்கி மைக்கை எடுத்தார். "பாருங்க, மக்கள் எங்களை ஏத்துக்கிட்டாங்க" என்றார்.

அன்று முதல் குழுவில் பாடி என்று வந்தால் அது மையம்தான் என்று வரிசையில் எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள்.

பிறகு கிஷன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தான். மையம் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறதாம். அவர்கள் சிரம்பானில் மேடையேற்றப் போகும் படைப்புக்கு எங்கள் கேட்தான் மூல இடம். படைப்பு முடியும்வரை அதை ரிப்பேர் செய்யவோ, எண்ணெய் போடவோ, பெயின்ட் அடிக்கவோ கூடாது.

"எங்க வீட்டு கேட்டுப்பா அது" என்றார் இவர்.

"சட்டப்படி உங்களுதுதான் அண்ணே. ஆனா அதோட தடங்கல் எல்லாருக்கும் சொந்தம்."

இவர் மறுநாள் லீவு சொல்லிவிட்டு, நான் முதலில் சொன்னபடி, கீல் வாங்க லுக்குட்டுக்குப் புறப்பட்டார்.

கடைக்காரர் போன் செய்ததும் பக்கத்து வீட்டு மகேந்திரன்தான் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். லுக்குட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். இவரை அண்ணே அண்ணே என்று சுற்றி வருவான். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். கடிகாரம், சாவி, கீல்.

சவப்பெட்டி வேனுக்குச் சொல்லியாயிற்று. எங்கள் கேட்டில் ஒரு பக்கம்தான் திறக்கும், மறு பக்கம் சிமெண்டில் உட்கார்ந்து நகராது. பெட்டி நுழையாது. அதனால் டேவானில் வைத்துவிடலாம் என்று பேசினோம். மகேந்திரன் அழுதுகொண்டே குழுவில் செய்தி போட்டான். கண்ணீரில் எழுத்துத் தெரியாமல் பெயரை விட்டுவிட்டான். 'பாடி நாலு மணிக்கு டேவானுக்கு வருது. எல்லாரும் வந்துருங்க.'

வேனில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதற்கு வந்த பதில்களைப் பார்த்தேன். ஒருவர் கட்டைவிரல். ஒருவர் ஆடுகிற பொம்மை. மயிலம்மாள் குரல் அனுப்பியிருந்தாள்: "போன தடவ நல்ல மாலையப் போயி வீணாக்கினேன். இந்தத் தடவ நான் வரலடாப்பா. நல்லா ஆடுங்க."

திருப்பி எழுதலாம் என்றுதான் போனைக் கையில் வைத்திருந்தேன். அவர் பெயரையும் அந்தச் சொல்லையும் ஒரே வரியில் எழுத எனக்கு விரல் வரவில்லை.

டேவான் வாசலில் யாருமே இல்லை. திறக்கிற ஒரு கதவும் சாத்தியிருந்தது. மகேந்திரன் தட்டினான். கிஷன் எட்டிப் பார்த்து, பின்னால் நின்ற வேனைப் பார்த்து, உள்ளே ஓடினான். ஹேமா வெளியே வந்தார். நிஜமாகவே முகம் வெளுத்துப்போயிருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க இழப்பு எங்க இழப்பு. இந்த நேரத்துல நாங்க உங்களுக்கு ஸ்பேஸ் கொடுக்கணும்னு நெனைக்கிறோம்."

"குடுங்க மேடம், அதத்தானே கேட்டு வந்திருக்கோம்" என்றான் மகேந்திரன். "டேவானத் தொறங்க."

"அந்த ஸ்பேஸ் இல்ல, தம்பி." குரலைத் தாழ்த்தினார். "கோலாலம்பூர்லேர்ந்து மதிப்பீட்டாளர்கள் வந்திருக்காங்க. இன்னைக்குத் தலைப்பே மரணத்தை உடலால் அறிதல். மூணு மாசமா பிள்ளைங்க அதுக்குத் தயாராகியிருக்காங்க. இப்ப நிஜமா ஒண்ணு உள்ள வந்தா அவங்க கவனம் செதறிடும். உங்களுக்குப் புரியும்னு நம்புறேன்."

கிஷன் கழுத்து அட்டையைத் திருகிக்கொண்டே கேட்டான். "அண்ணன் ஒரு ஆறு மணிக்கு வர முடியுமா?"

மகேந்திரன் கையை ஓங்கினான். நான் பிடித்துக்கொண்டேன். "வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"பெட்டி போகாதேக்கா."

"கேட்டக் கழட்டு."

வேன் டிரைவரும் மகேந்திரனும் சுத்தியலால் அடித்து, துருப்பிடித்த பழைய கீலிலிருந்து கேட்டைப் பெயர்த்தார்கள். இரண்டு பக்கத்தையும் தூக்கி ரோட்டில் போட்டார்கள். அந்த இரும்பு தார்ச்சாலையில் விழுந்த சத்தத்தில் மயிலம்மாள் ஈரத்துணியோடு வெளியே வந்தாள். எங்கள் வரிசையில் கல்யாணமானாலும் வீடு மாறினாலும் யாரும் கேட்டைக் கழற்ற மாட்டார்கள். பெட்டி நுழைவதற்கு மட்டும்தான் கழற்றுவார்கள்.

அவள் ரோட்டில் கிடந்த கேட்டைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஐயோ!" என்றாள். "அடி ரோகினி, இது நெசப் பாடியாடி!"

துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இந்த முறை யாருக்காக என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் குரல் கேட்டு ஒவ்வொரு வீடாகத் திறந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் மோட்டாரை அப்படியே ரோட்டில் சாய்த்துவிட்டு வந்தார்கள். சற்று நேரத்தில் எங்கள் வாசலில் நிற்க இடமில்லை. யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், யாரோ கூடாரம் கட்டினார்கள், யாரோ என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவரை வெறும் வாசலில் வைத்து அனுப்பிவிடுவேனோ என்ற பயம் அப்போதுதான் விட்டது.

டேவானிலிருந்தும் சில பிள்ளைகள் வெறுங்காலோடு வந்து ஓரமாக நின்றார்கள். அன்றைக்குத் தும்மிய பெண்ணும் இருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கிஷன் அவளைப் பார்த்தான். அனுமதி பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். கருமாதி கழிந்து சில வாரத்தில் சிரம்பானில் அரங்கேற்றம் என்று கார் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. மகேந்திரன் போக வேண்டாம் என்றான். நான் போனேன். அவருடைய அசைவு ஒன்று அங்கே இருக்கிறது என்றால் அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கையில் கொடுத்த தாளில் நடனம், ஒளி, உடை, கருத்தாக்கம், ஆலோசனை என்று எல்லாவற்றுக்கும் பெயர்கள் இருந்தன. கடைசி வரி: 'மூலம்: ஓர் எஸ்டேட் பாடி.'

இந்த முறை அந்தச் சொல்லில் பிழை இல்லை.

ஹேமா முன்னுரை வழங்கினார். "எங்கள் மையம் இந்தச் சமூகத்தோட வாழ்விலும் சாவிலும் கூட நின்றது. நாங்க அவங்களுக்கு ஸ்பேஸ் கொடுத்தோம். அவங்க எங்களுக்கு ஒரு அசைவைக் கொடுத்தாங்க." பெரிய கைதட்டல்.

விளக்கு அணைந்து எரிந்தது. சாம்பல் உடைகள் வந்தன. உதைத்தார்கள், வளைந்தார்கள், முட்டினார்கள். மெதுவாகச் செய்தார்கள், வேகமாகச் செய்தார்கள், படுத்துக்கொண்டு செய்தார்கள். நான் ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். அவர் அங்கே எங்கும் இல்லை. ஒரே ஒரு முறை, தும்மல்காரி தோளை உயர்த்தும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். சனியன் என்று சொன்னது போலிருந்தது. அந்த ஒரு நொடிக்கு நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் மேடைக்கு அழைத்தார்கள். மைக்கை நீட்டினார் ஹேமா. "மேடம் ரோகினி, உங்க மனசுல என்ன தோணுதோ சொல்லுங்க. தயாரிப்பு எதுவும் வேண்டாம்."

என்ன சொல்வது? அரங்கம் முழுக்க இருட்டில் காத்திருந்தது.

"இடது கால் லேட்டா வருது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஹேமா மெல்லத் தலையாட்டி, மிக ஆழமான பார்வை என்றார். கிஷன் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, உடனே கீழே பார்த்துக்கொண்டான். கீழே இறங்கும்போது பின்னாலேயே வந்தான். "அடுத்த ஷோவுக்குள்ள சரி பண்ணிர்றோம், ஆண்ட்டி" என்றான். பாவமாக இருந்தது. அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

காரில் கொண்டுவந்து விட்டார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. மயிலம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னடி, நம்ம ஆளு நல்லா ஆடுனாரா?" என்றாள்.

"அவரு வரல" என்றேன்.

கருமாதி முடிந்த மறுநாளே மகேந்திரன் அந்தப் பிளாஸ்டிக் பையிலிருந்த புதுக் கீலைப் பற்றவைத்து கேட்டைத் திரும்ப மாட்டிக் கொடுத்திருந்தான். மாட்டிவிட்டுத் தள்ளிப் பார்த்தான். நகரவில்லை. குனிந்து பார்த்துவிட்டு வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ரம்புத்தான் மரத்தின் வேர் அடியில் ஓடி, சிமெண்டுத் தரையை மேலே தூக்கியிருந்தது. "கீல்ல கோளாறே இல்லக்கா" என்றான் தரையைப் பார்த்தபடி. கோளாறு எப்போதும் தரையில்தான் இருந்திருக்கிறது.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். இடது காலால் அடியில் ஒரு தட்டு தட்டி, இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, வலது தோளால் முட்டித் தூக்கினேன். அந்த கேட் இன்னும் அப்படித்தான் திறக்கிறது.